மலைப்பாதையும் பெட்டிப் பலகையும்

நிலத்தைச் சமப்படுத்தும் தொழில் உழவுத் தொழிலோடு உடன்பிறந்தது. நாற்று நடுவதற்கு முன்னர்ச் சேறாக்கிய வயலில் மாடுகளைப் பூட்டிப் பரம்பு அடிப்பதை மாணவர்களாகிய உங்களுள் சிலர் கண்டிருப்பீர்கள். காணாதவர்கள் வீட்டிலுள்ள முதியோரைக் கேட்டு அறியலாம். நீண்டு கனத்த மரப்பலகை ஒன்று. அதை இழுப்பதற்கு இரண்டு மாடுகள். பலகை நன்கு அழுந்தும் பொருட்டு அதன்மேல் ஏறி நிற்கும் ஓர் ஆள். மேட்டிலுள்ள மண்ணைப் பலகை தள்ளிக்கொண்டு சென்று பள்ளத்தில் விட்டுவிடும். வயலில் நிறுத்தியிருக்கும் நீரே அங்கே அளவுகோல். நீருக்கு மேலே தலைகாட்டுவது மேடு. நீரில் மூழ்கிக் கிடப்பது பள்ளம். எழுதப் படிக்க அறியாத உழவரும் இந்த அளவுகோலைக் கொண்டு ஏக்கர் கணக்கான வயலை மட்டம் செய்துவிட்டனர்.

இன்று அந்தப் பரம்பின் இடத்தில் டிராக்டரின் பின்னே பூட்டும் எஃகுக் கருவிகள் பல வந்துள்ளன. அவற்றுள் ஒன்றைப் பற்றியே இப்போது பேச எண்ணுகிறேன். கருவி விற்போர் அதனைப் 'பாக்ஸ் பிளேடு' என்பர். நாம் அதைப் பெட்டிப் பலகை என்று சொல்லிக்கொள்வோம். சமவெளியில் இக்கருவிக்கு உள்ள வேலை எளிதில் விளங்கும். மலையில் இதற்கு என்ன வேலை? சரிந்து கிடக்கும் நிலத்தை இது சமமாக்கிவிடுமா? இந்த வினாவுக்கு விடை காண்பதற்காக நாம் ஏற்காட்டுக்குச் செல்வோம். மலையில் இக்கருவியை ஆளக் கற்றவர்களுக்குச் சமவெளியில் அது ஒரு பொருட்டன்று.

சேலம் நகரிலிருந்து வடக்கே நோக்கினால் வானத்தில் சுவர் எழுப்பியது போல் தோன்றுவது சேர்வராயன் மலை. அது கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. கொண்டையூசி வளைவுகள் இருபதைக் கடந்து மேலே சென்றால், கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், ஏரியும் காடும் சேர்ந்து பெயர் தந்த ஏற்காட்டை அடையலாம். மலையின் உடல் சார்னோக்கைட் என்னும் மிகக் கடினமான பாறை. அதன்மேல் போர்த்தியிருப்பது செம்மண். உயர்ந்த மேடுகள் சிலவற்றில் அலுமினியத்தின் தாதுவாகிய பாக்சைட்டும் உண்டு. 1820-களில் சேலம் மாவட்டக் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் என்பார் இம்மலைக்குக் காப்பிப் பயிரைக் கொண்டுவந்தார். இன்று சில்வர் ஓக் மரங்களின் நிழலிலே காப்பியும், அம்மரங்களைப் பற்றிப் படரும் மிளகும் இம்மலையின் செல்வமாக விளங்குகின்றன.

காப்பித் தோட்டத்தினுள் டிராக்டருக்கு இடமில்லை. செடிகள் நெருங்கியும் சரிவு செங்குத்தாகவும் இருக்கும் நிலத்தில் மனிதனின் கையும் மண்வெட்டியுமே இன்றும் வேலை செய்கின்றன. ஆயினும் தோட்டத்தின் உயிர் தோட்டத்துப் பாதையிலேதான் இருக்கிறது. அராபிகா வகைக் காப்பிப் பழம் ஆண்டின் இறுதி மாதங்களில் சிவந்து பழுக்கிறது. பறித்த பழத்தை அன்றைக்கே தோல் நீக்கும் இயந்திரத்துக்குக் கொண்டு சேர்க்கவேண்டும். ஓரிரவு மூட்டையில் கிடந்தால் பழம் புளித்து, கொட்டையின் சுவை கெடும். வண்டி செல்லாத பாதை, ஓராண்டு உழைப்பை ஒரே நாளில் வீணாக்கிவிடும். அதே பாதையின் வழியாகத்தான் மலைச் சிற்றூர்களின் பிள்ளைகள் பள்ளிக்குச் செல்கின்றனர். நோயுற்றவர்களும் பேறுகாலப் பெண்களும் கீழே கொண்டுவரப்படுகின்றனர். தார் போட்ட சாலை எங்கு முடிகிறதோ, அங்கிருந்து தொடங்குகிறது இந்த மண்பாதையின் கதை.

மண்பாதையின் பகைவன் வண்டிச் சக்கரம் என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் சக்கரம் செய்வது சிறு பிழை. அது தன் தடத்தில் ஒரு பள்ளம் இட்டு வைக்கிறது, அவ்வளவே. அப்பள்ளத்தைக் கால்வாயாக்கிப் பாதையை அறுப்பது மழைநீர். இதை ஒரு சிறு கணக்கால் விளக்குகிறேன். தாளும் எழுதுகோலும் அருகில் இருந்தால் நீங்களும் உடன் போட்டுப் பாருங்கள்.

100 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் உடைய ஒரு பாதையை எடுத்துக்கொள்வோம். அதன் பரப்பு 300 சதுர மீட்டர். ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால், அதாவது பாதையின்மேல் ஒரு சென்டிமீட்டர் உயரம் நீர் விழுந்தால், அது 3 கன மீட்டர்; 3,000 லிட்டர் நீர். சக்கரத் தடம் கால்வாயாகிவிட்ட பாதையில் இந்த 3,000 லிட்டரும் நீளவாக்கிலேயே ஓடி, கீழ்முனையைக் கடந்து செல்லும். அதே பாதை குறுக்கே சற்றுச் சரிவாக இருந்தால் என்ன நிகழும்? ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் 30 லிட்டர் நீர் மட்டும் ஓரத்தை நோக்கி மெல்ல நழுவி, புல்லிலும் சருகிலும் மறைந்துவிடும். பெய்த மழை ஒன்றே, நீரும் ஒன்றே. ஓரிடத்தில் அது கூட்டமாகச் சேர்ந்து கொள்ளையடிக்கிறது. மற்றோரிடத்தில் தனித்தனியே பிரிந்து அடங்கிப் போகிறது.

ஓடும் நீரின் வேகம் கூடும்போது அதன் வன்மை எவ்வளவு விரைவாகக் கூடுகிறது என்பதையும் நாம் அறியவேண்டும். சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில், கேம்பிரிட்ஜில் கணிதம் கற்பித்த வில்லியம் ஹாப்கின்ஸ் என்னும் அறிஞர் இதற்கு ஒரு விதியைக் கண்டார். நீர் உருட்டிச் செல்லக்கூடிய கல்லின் எடை, நீரின் வேகத்தினுடைய ஆறாம் படிக்கு ஏற்ப உயரும் என்பது அவ்விதி. வேகம் இருமடங்கானால் கல்லின் எடை 64 மடங்கு ஆகலாம். இயற்கையின் ஓடைகளில் இது துல்லியமாகப் பொருந்தாவிட்டாலும், நேற்று மணலை மட்டும் கொண்டுசென்ற சிற்றோடை இன்று பெருங்கற்களைப் புரட்டுவது ஏன் என்பதை இது நமக்கு உணர்த்துகிறது.

ஆகவே, மலைப்பாதையில் பெட்டிப் பலகைக்கு உரிய வேலை நீரைக் கூட்டம் சேரவிடாமல் பிரித்து அனுப்புதலே ஆகும். பாதையைக் கண்ணுக்கு அழகாக மட்டம் செய்வது அதன் நோக்கமாகாது. வயலில் பரம்பு அடித்தவர் நீரை நிறுத்துவதற்காக நிலத்தைச் சமம் செய்தார். மலையில் பலகை பூட்டுகிறவர் நீரை நல்வழியில் போக்குவதற்காக நிலத்தைச் சரிவு செய்யவேண்டும். இந்த ஒன்றை மனத்தில் கொண்டால், கருவியைத் தேர்ந்தெடுப்பதும் பயன்படுத்துவதும் தாமாகவே விளங்கிவிடும்.

இனி, கருவியின் பிறப்பைச் சற்று நோக்குவோம். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் பிரெஸ்னோ என்னும் ஊரில், ஸ்காட்லாந்திலிருந்து குடியேறிய ஜேம்ஸ் போர்ட்டியஸ் என்பவர் 1883-ஆம் ஆண்டில் ஒரு மண்வாரிக்குக் காப்புரிமை பெற்றார். குதிரைகள் இழுக்கும் அந்த எஃகு வாரி மண்ணைச் சீவும். சீவிய மண்ணைத் தன் வயிற்றில் ஏந்திச் செல்லும். வேண்டிய இடத்தில் பரப்பிவிடும். பாசன வாய்க்கால்கள் வெட்டுவதற்காகத் தோன்றிய அக்கருவி பின்னர்ப் பனாமாக் கால்வாய் வேலைக்கும் சென்றது. வெறுமனே மண்ணைத் தள்ளுவதை விட்டு, சீவி, ஏந்தி, பரப்புதல் என்னும் மூன்று செயல்களையும் ஒரே கருவியில் இணைத்ததுதான் அதன் சிறப்பு. பெட்டிப் பலகை அந்த மரபில் வந்த கருவியே.

இரண்டாவது படியை அமைத்தவர் அயர்லாந்து நாட்டில் பிறந்த ஹாரி பெர்குசன். அவர் காலத்து டிராக்டர்களில் கலப்பையைச் சங்கிலியால் கட்டி இழுத்தனர். கொழு பாறையில் மாட்டிக்கொண்டால், பின்சக்கரம் நிற்காமல் சுழல முயன்று, டிராக்டரின் முன்பகுதி மேலெழுந்து, ஓட்டியவர்மேல் கவிழ்ந்துவிடும். இவ்வாறு உயிரிழந்தோர் பலர். கீழே இரண்டு கரங்களும் மேலே ஒரு தண்டும் ஆக மூன்று முனைகளில் கருவியை இணைக்கும் முறையைப் பெர்குசன் 1920-களில் வகுத்தார். இம்முறையில் கருவி தடைப்பட்டு நின்றால், மேல்தண்டு டிராக்டரை முன்னோக்கி அழுத்தும், முன்சக்கரம் மேலெழும்பாது. 1939-இல் ஹென்றி போர்டுடன் சேர்ந்து வெளியிட்ட டிராக்டர் இந்த இணைப்பை உலகெங்கும் பரப்பிற்று. சென்னையில் 1960-இல் நிறுவப்பட்ட டாபே நிறுவனம் மாசி பெர்குசன் டிராக்டர்களை நம் நாட்டிலேயே செய்யத் தொடங்கியது. இன்று நீங்கள் காணும் எந்த டிராக்டரின் பின்னேயும் அந்த மூன்று முனைகளைப் பார்க்கலாம்.

பெட்டிப் பலகையின் அமைப்பு எளியது. இருபுறமும் கனத்த எஃகுத் தகடுகள் நிற்கின்றன. அவற்றை இணைத்துக் குறுக்கே ஒரு பலகை. அதன் அடியில், முன்னோக்கிய வெட்டுத் தகடு ஒன்றும் பின்னோக்கிய வெட்டுத் தகடு ஒன்றும் திருகாணிகளால் பொருத்தப்பட்டுள்ளன. பெட்டிக்கு முன்புறச் சுவரும் இல்லை, அடிப்பக்கமும் இல்லை. பலகைக்கு முன்னால் ஒரு சட்டத்தில் வரிசையாகத் தொங்குவன கீறுகொழுக்கள். இவற்றை முளையைக் கழற்றி உயர்த்தவும் தாழ்த்தவும் இயலும். கொழு இறுகிய மண்ணைக் கீறித் தளர்த்துகிறது. தளர்ந்த மண்ணை முன்தகடு சீவுகிறது. பக்கத் தகடுகள் மண் சிதறி ஓடாமல் காக்கின்றன. பின்தகடு பரப்பி மெழுகுகிறது. பக்கத் தகடு இல்லாத தனிப்பலகையும் கடைகளில் உண்டு. அது மண்ணை ஓரத்தில் ஒதுக்கித் தள்ளுவதற்கும் சிறு கால்வாய் இழுப்பதற்கும் உதவும். ஓரிடத்து மண்ணை மற்றோரிடத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டுமாயின் பெட்டிதான் வேண்டும். சமவெளி வயல்களில் லேசர் ஒளியின் துணைகொண்டு தானே ஏறியும் இறங்கியும் நிலத்தை மட்டம் செய்யும் கருவியும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. ஆனால் வளைந்து ஏறும் மலைப்பாதைக்கு அது பொருந்தாது.

தேர்ந்தெடுக்கும்போது முதலில் காணவேண்டியது அகலம். பின்சக்கரங்களின் வெளி ஓரத்திலிருந்து வெளி ஓரம் வரை அளந்து பாருங்கள். பலகை அந்த அகலத்துக்குக் குறையாமல், சற்றுக் கூடுதலாகவே இருத்தல் வேண்டும். குறைந்தால், பலகை சீர்செய்த இடத்தைச் சக்கரத் தடம் ஓரத்தில் மீண்டும் கெடுக்கும். அந்தத் தடமே அடுத்த மழைக்கு வாய்க்காலாகும். பக்கவாட்டு அகலம் ஐந்தரை அடி உள்ள டிராக்டருக்கு ஆறடிப் பலகை பொருத்தமாகும். அதைவிட அகலமான பலகை வேலையை விரைவில் முடிக்கும் என்று ஆசைப்படலாகாது. ஓர் அடி அகலத்துக்கு ஐந்து அல்லது ஆறு குதிரைத்திறன் தேவை என்பது தொழிலில் வழங்கும் பொதுக் கணக்கு. ஏற்றத்தில் டிராக்டரின் ஆற்றலில் ஒரு பகுதி தன்னுடலை மேலே ஏற்றுவதற்கே செலவாகிறது. ஆகவே மலையில் இக்கணக்கைத் தாராளமாகக் கொள்வதே அறிவுடைமை.

இரண்டாவது எடை. பெட்டிப் பலகையை மண்ணுக்குள் அழுத்தும் கை வேறொன்றும் இல்லை. டிராக்டரின் கரங்கள் கருவியைத் தூக்குமே அன்றி, பெரும்பாலும் கீழே அழுத்துவதில்லை. கருவியின் சொந்த எடையும், அது சாய்ந்து நிற்கும் கோணமுமே அதனை மண்ணில் இறக்குகின்றன. எடை குறைந்த பலகை செம்மண்ணின் இறுகிய மேற்பரப்பில் துள்ளிக்கொண்டு போகும். பாதை அலை அலையாகும். அடிக்கு 40 முதல் 50 கிலோ வரை எடையுள்ள பலகை நடுத்தர வேலைக்கு ஏற்றது. இத்தகைய ஆறடிப் பலகை 240 முதல் 300 கிலோ வரை இருக்கும். இந்த எடை பின்சக்கரத்துக்குப் பின்னே தொங்குவதால் முன்சக்கரம் இலேசாகிவிடும். டிராக்டரின் முன்புறத்தில் எடைக்கட்டிகள் மாட்டுவதற்கு வழி உண்டா என்று முன்னரே பார்த்துக்கொள்ளவேண்டும்.

மூன்றாவது இணைப்பு முளை. சிறிய, நடுத்தர டிராக்டர்களில் உள்ள முதல் வகை இணைப்புக்குக் கீழ்க்கரத்து முளை 22 மில்லிமீட்டர் குறுக்களவு உடையது. பெரிய டிராக்டர்களுக்கான இரண்டாம் வகையில் அது 28 மில்லிமீட்டர். பெரிய துளையில் சிறிய முளையை இட்டு ஓட்டினால் கருவி ஆடும். ஆடும் கருவி நேர்கோடு அறியாது. நான்காவது, தேயும் உறுப்புகள். வெட்டுத் தகடும் கொழுமுனையும் தேயவே பிறந்தவை. அவற்றைத் திருகாணி கழற்றி மாற்ற இயலுமா, மாற்றுத் தகடு சேலத்தில் கிடைக்குமா என்று கேட்டறிதல் நன்று. பற்றவைத்த இடங்களை உற்றுநோக்குங்கள். மேல்தண்டு பூட்டும் முக்கோணச் சட்டம் வலிமையாக உள்ளதா என்று பாருங்கள். வண்ணப்பூச்சின் பளபளப்பு இவற்றில் ஒன்றையும் காட்டாது. ஆண்டில் சில நாள்களே வேலை உள்ள சிறு தோட்டத்தினர் இக்கருவியை விலைக்கு வாங்காமல், அயலாருடன் சேர்ந்தோ வாடகைக்கோ பெறுவதே சிக்கனமாகும். தமிழக அரசின் வேளாண்மைப் பொறியியல் துறை உழவர்களுக்கு டிராக்டர்களையும் பண்ணைக் கருவிகளையும் வாடகைக்கு அளித்துவருகிறது.

இனிப் பயன்படுத்தும் முறைக்கு வருவோம். காலமறிந்து தொடங்குவதே முதற்பாடம். மாசி, பங்குனி வெயிலில் மண் கல்லாகியிருக்கும். சீவினால் புழுதியாய்ப் பறக்கும். அடைமழையில் அது சேறு. கோடைமழை ஒன்றிரண்டு பெய்து, மண் ஈரம் ஊறி நிற்கும் நாளே உகந்தது. ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து இறுகப் பிடியுங்கள். உருண்டையாக நின்று, விரலால் தட்டினால் இரண்டு மூன்று துண்டுகளாக உடைந்தால் அது தக்க பதம். இந்தப் பதத்துக்கு அறிவியல் விளக்கம் உண்டு. மண்துகள்கள் மிக நெருக்கமாக இறுகுவதற்குக் குறிப்பிட்ட ஓர் ஈர அளவு தேவை என்பதையும், அதனைச் சோதித்து அளக்கும் முறையையும் அமெரிக்கப் பொறியியலார் பிராக்டர் 1933-இல் வெளியிட்டார். இன்றும் சாலை, அணை வேலைகளில் அச்சோதனை அவர் பெயராலேயே வழங்குகிறது.

பள்ளத்தில் மண்ணைக் கொட்டி மூடுவது பலரும் செய்வது. அவ்வாறு இட்ட மண் பழைய மண்ணோடு ஒட்டுவதில்லை. அடுத்த மழையில் ஒட்டுத்துணி கிழிவது போல் பெயர்ந்துவிடும். முறையாவது, கீறுகொழுக்களை இறக்கி, பள்ளத்தின் அடி ஆழம் வரை சுற்றிலும் உள்ள மண்ணைத் தளர்த்தி, எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, மீண்டும் பரப்புதலாகும். ஒரே முறையில் ஆழமாகக் கீறவேண்டியதில்லை. ஐந்து சென்டிமீட்டர், பின்னர் மேலும் ஐந்து சென்டிமீட்டர் என்று பையச் செல்வது இயந்திரத்துக்கும் நல்லது, பாதைக்கும் நல்லது.

கருவியின் திறவுகோல் மேல்தண்டு. அதன் திருகைத் திருப்பி நீளத்தைக் குறைத்தால் பெட்டி முன்னோக்கிச் சாயும்; கொழுவும் முன்தகடும் மண்ணைக் கடிக்கும். நீளத்தைக் கூட்டினால் பெட்டி பின்னோக்கிச் சாயும். முன்தகடு எழும்பி, பின்தகடு மண்ணை மெழுகும். இரண்டுக்கும் இடையே, இரு தகடுகளும் ஒருங்கே தரையைத் தொடும் நிலை ஒன்று உண்டு. பரப்பும் வேலைக்கு அதுவே சிறந்தது. புதிதாகக் கற்கிறவர்கள் கைப்பிடியை ஓயாமல் ஏற்றி இறக்குவார்கள். டிராக்டரின் முன்சக்கரம் மேட்டில் ஏறும்போது பின்னே பலகை தாழ்கிறது. ஓட்டுபவர் பதறித் தூக்கும் வேளையில் முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கிவிடும். பலகை மேலும் உயரும். இவ்வாறு ஒரு மேடு மூன்று மேடாகிறது. மேல்தண்டைத் தக்க அளவில் அமைத்து, கரங்களை ஒரே உயரத்தில் நிறுத்தி, முதல் கியரில் மெதுவாகச் செல்வதே தீர்வு.

குறுக்குச் சரிவு எவ்வளவு வேண்டும்? மண்பாதைக்கு நூற்றுக்கு நான்கு என்பது நல்ல அளவு. 3 மீட்டர் அகலத்தில் ஓர் ஓரத்தைவிட மற்றோர் ஓரம் 12 சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கவேண்டும். வலப்பக்கக் கீழ்க்கரத்தைத் தாங்கும் தண்டில் ஒரு திருகு உண்டு. 1.8 மீட்டர் நீளப் பலகையின் ஒரு முனையை மற்றதைவிட 7 சென்டிமீட்டர் தாழ்த்தினால் இந்தச் சரிவு கிடைக்கும். முதல் சில ஓட்டங்களுக்குப் பின் டிராக்டரே அந்தச் சரிவின்மேல் நிற்கத் தொடங்கும். அப்போது திருகைப் பழைய நிலைக்குக் கொண்டுவரவேண்டும். மறந்தால் சரிவு மேன்மேலும் கூடிவிடும். கொத்தனாரின் ரசமட்டமும் மூன்று மீட்டர் நீளமுள்ள ஒரு நேர்ச்சட்டமும் கையில் இருந்தால் எந்த இடத்திலும் அளந்து பார்க்கலாம்.

சரிவு எப்பக்கம் என்பது இடத்தைப் பொறுத்தது. வண்டிகள் குறைந்த தோட்டப் பாதையில், பள்ளத்தாக்கின் பக்கமாகச் சரித்துவிட்டால் நீர் ஆங்காங்கே பிரிந்து இறங்கும். வழுக்கும் மண்ணும் செங்குத்தான ஓரமும் உள்ள இடத்தில் அவ்வாறு செய்தல் வண்டிக்கு ஆபத்து. அங்கே மலையின் பக்கமாகச் சரித்து, அடிவாரத்து வடிகாலில் நீரைச் சேர்த்து, குழாய்ப்பாலங்களின் வழியே பாதையைக் கடக்கச் செய்வர். எம்முறையாயினும், வேலை முடிந்தபின் பள்ளத்துப் பக்க ஓரத்தில் பலகை விட்டுச்சென்ற சிறு மண்வரப்பு நிற்கிறதா என்று பார்த்து அகற்றுங்கள். அரைச் சாண் உயரமுள்ள அந்த வரப்பு நீரை வெளியேறவிடாமல் அணைகட்டி, பாதை முழுவதையும் ஓடையாக்கிவிடும்.

மண்ணை எவ்வளவு சுமக்கவேண்டும் என்பதற்கும் கணக்குப் போடலாம். பெட்டியின் நீளம் 1.8 மீட்டர், ஆழம் அரை மீட்டர், உயரம் 40 சென்டிமீட்டர் எனக் கொண்டால், நிரம்பிய பெட்டியில் 0.36 கன மீட்டர் மண் இருக்கும்; ஏறத்தாழ 450 கிலோ. நம் 100 மீட்டர்ப் பாதையில் 2 சென்டிமீட்டர் கனத்துக்கு மண் சீவினால் அது 6 கன மீட்டர். தளர்த்திய மண் கால் பங்கு உப்பும் என்று கொண்டால் ஏழரைக் கன மீட்டர். இருபதுக்கு மேற்பட்ட பெட்டிகள். இந்த மண்ணைக் கீழ்நோக்கி இழுப்பது எளிது. ஆனால் மழை ஆண்டுதோறும் கீழே கொண்டுசென்ற மண்ணை நாமும் சேர்ந்து கீழே தள்ளுவது முறையாகாது. பாதையின் அடியில் குவிந்த மண்ணை அரைப்பெட்டியாக மேலே கொண்டுவந்து, 10 சென்டிமீட்டருக்கு மிகாத அடுக்குகளாகப் பரப்பி, உருளையாலோ டிராக்டர்ச் சக்கரத்தாலோ இறுக்கவேண்டும்.

இதுவரை மண்ணைக் காப்பதைப் பற்றிக் கூறினேன். இனி உயிரைக் காப்பதைப் பற்றிச் சில சொற்கள். பரம்பின்மேல் ஆள் ஏறி நிற்பது நம் நாட்டு வழக்கம் என்று தொடக்கத்தில் சொன்னேன். அந்த வழக்கம் இயந்திரத்துக்கும் தொடர்ந்து வந்துவிட்டது. பலகை அழுந்தவில்லை என்றால், அருகில் நிற்கும் சிறுவனை அதன்மேல் ஏறி நிற்கச் சொல்கிறவர்கள் இன்றும் உளர். சேற்றில் மாட்டின் வேகத்தில் செல்லும் மரப்பலகையிலிருந்து விழுந்தவன் சிரித்துக்கொண்டே எழுவான். கல்லில் மோதித் துள்ளும் எஃகுப் பெட்டியிலிருந்து விழுந்தவன் வெட்டுத் தகட்டின் அடியில் சிக்குவான். எடை போதாவிட்டால் சட்டத்தில் இரும்புக்கட்டியை இறுகப் பிணையுங்கள், மனிதனை ஏற்றாதீர்கள். சக்கரக் காப்பின்மேல் உட்கார்ந்து செல்வதும் அவ்வாறே விலக்கத்தக்கது. டிராக்டரில் இருக்கை ஒன்று என்றால் ஆளும் ஒருவரே.

டிராக்டர் பின்னோக்கிக் கவிழ்வதற்கு இரண்டு நொடிகூட வேண்டுவதில்லை. குதித்துத் தப்பலாம் என்பது வீண் எண்ணம். கவிழ்ந்தாலும் ஓட்டுபவரை நசுக்காமல் தாங்கும் எஃகுச் சட்டகத்தைப் புதிய டிராக்டர்களில் சுவீடன் நாடு 1959-ஆம் ஆண்டிலேயே கட்டாயமாக்கிற்று. அதன் பயனாக அங்கே உயிரிழப்பு பெரிதும் குறைந்தது. மலையில் ஓட்டும் டிராக்டருக்குச் சட்டகமும் இருக்கைப் பட்டையும் அணிகலன்கள் அல்ல; கவசங்கள். மேலும், டிராக்டரின் இடப் பின்சக்கரத்துக்கும் வலப் பின்சக்கரத்துக்கும் தனித்தனிப் பிரேக் உண்டு. வயலில் திரும்புவதற்கு அது உதவும். மலைப்பாதையில் இரண்டையும் தாழிட்டு இணைத்தே ஓட்டவேண்டும். ஒன்று மட்டும் பிடித்தால் வண்டி பள்ளத்துக்குத் திரும்பிவிடும். இறக்கத்தில் கியரை விடுவித்து உருளவிடுவது தற்கொலைக்கு ஒப்பாகும். ஓரத்தை நெருங்கும்போது, பள்ளம் எவ்வளவு ஆழமோ அவ்வளவு தொலைவாவது விலகி நில்லுங்கள்; மழைக்குப் பின் ஓரத்து மண் நம்பத்தக்கதன்று. எதையேனும் சங்கிலியால் இழுக்க நேர்ந்தால், தாழ்ந்த இழுவைச் சட்டத்திலன்றி உயரமான எவ்விடத்திலும் கட்டாதீர்கள். பெர்குசன் நீக்கிய ஆபத்தை நாமே திரும்ப அழைத்தவர்களாவோம்.

இன்னும் ஒன்று. இருக்கும் பாதையைப் பேணுவதற்கே பெட்டிப் பலகை. காட்டை அழித்துப் புதுப் பாதை வெட்டுவதற்கும், செங்குத்துச் சரிவை அறுத்து மனை சமைப்பதற்கும் அதையோ அதனினும் பெரிய இயந்திரத்தையோ கொண்டுசெல்லும் முன் பலமுறை சிந்திக்கவேண்டும். மலைப்பகுதிகளில் மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1955-லேயே நம் மாநிலத்தில் இயற்றப்பட்டது. வேரும் சருகும் பிடித்து வைத்திருக்கும் மண்ணை இயந்திரம் ஒரு பகலில் பெயர்த்துவிடும். அந்த மண் உருவாவதற்கு எத்தனையோ தலைமுறைகள் ஆகியிருக்கும்.

பெயர்ந்த மண் எங்கே போகிறது? சேர்வராயன் மலைத்தொடரின் ஒரு புறத்து நீர் திருமணிமுத்தாற்றில் சேர்ந்து, சேலம் நகரின் ஊடே ஓடி, காவிரியை அடைகிறது. மற்றொரு புறத்து நீர் வாணியாற்றில் இறங்கித் தென்பெண்ணையை அடைகிறது. ஏற்காட்டில் ஒரு பாதை அறுந்தால் அதன் செம்மண் கீழேயுள்ள ஏரிகளின் அடியில் படிந்து, அவற்றின் கொள்ளளவைக் குறைக்கிறது. மேலே இருப்பவர் கையில் உள்ள திருகு, கீழே இருப்பவரின் வயலுக்கு வரும் நீரையும் ஆளுகிறது. ஆகவே பாதையைப் பேணுதல் தோட்டக்காரர் ஒருவரின் சொந்தக் காரியம் ஆகாது.

மாணவ நண்பர்களே, உங்களுள் எல்லோரும் டிராக்டர் ஓட்டப்போவதில்லை. ஆயினும் அடுத்த மழையின்போது உங்கள் பள்ளிக்குச் செல்லும் பாதையைச் சற்று நின்று பாருங்கள். நீர் எங்கே கூடுகிறது, எந்தத் தடத்தில் ஓடுகிறது, எவ்விடத்தில் நிறம் மாறிச் சிவக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நீர் சிவக்கும் இடத்திலே நம் நிலம் கரைந்து போய்க்கொண்டிருக்கிறது. அங்கே ஒரு மண்வெட்டியால் ஓரத்து வரப்பைத் திறந்துவிட்டாலும் போதும். நீர் விலகிப் புல்லுக்குச் செல்லும். பெட்டிப் பலகை கொண்டு செய்யும் பெரிய வேலையின் சாரமும் அதுவே.